பெறுமதி என்பது யாது? – பேஸ்போல் இரசிகர் வாதமும் மதிப்பீட்டு அளவுகோலும்

திறனாய்வு எனும்போது கவிதையையும் நாவலையும் நாடகத்தையுமே நாம் பெரும்பாலும் மனத்திற் கொள்கின்றோம். ஒரு படைப்பு சிறந்ததென ஒருவர் கூறுவாராயின், எதனாற் சிறந்தது, எந்த அளவுகோலால் அளந்தீர், அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என வினவவும் பழகியுள்ளோம். இதே வினாக்களைக் கல்விக்கூடங்களுக்கு வெளியே இலட்சக்கணக்கான மக்கள் ஆண்டுதோறும் ஆறு மாத காலம் நாள்தவறாது எழுப்பி மோதிக்கொள்ளும் களம் ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் விளையாட்டே அது. கிரிக்கெற் விளையாட்டைக் கலையாகவும் சமூக வரலாறாகவும் நோக்கலாம் என்பதை ரினிடாட் நாட்டுச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இல் வெளியிட்ட நூலில் நிறுவிக் காட்டினார். இக்கட்டுரையின் அக்கறை விளையாட்டைப் பற்றியது அன்று. அதனைப் பார்த்து மதிப்பிடுவோரைப் பற்றியது. அவர்களுடைய வாதத்தையும் ஒருவகைத் திறனாய்வாகக் கொண்டு அதன் அடிப்படைகளை நோக்குவதே இங்கு செய்யப்படுவது.

பேஸ்போலின் பருவ அமைப்பை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். தலைமைக் கூட்டிணைவின் 30 அணிகளும் இளவேனிலில் தொடங்கிச் செப்டெம்பர் இறுதி வரை ஒவ்வொன்றும் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. எந்த அணியாயினும் 54 ஆட்டங்களில் வெல்லும், 54 ஆட்டங்களில் தோற்கும், எஞ்சிய 54 ஐ என்ன செய்கிறது என்பதே கணக்கு என்ற பொருளில் ஒரு பழமொழி அவ்விளையாட்டில் வழங்குகின்றது. மிகச் சிறந்த அணியும் அறுபது முறை தோற்கும் இத்தகைய அமைப்பில் ஒரு நாளின் ஆட்டம் எதனையும் நிறுவுவதில்லை. எனினும் ஒவ்வொரு நாளும் ஒரு தீர்ப்பை வேண்டி நிற்கின்றது. ஏப்பிரல் மாதத்தில் 'இவன் தீர்ந்தான்' என ஒதுக்கப்பட்ட வீரன் யூலையில் தெய்வமாகின்றான். 1987 இல் நியூயோர்க் நகரில் நாள்முழுவதும் விளையாட்டையே பேசும் வானொலி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டு, தொலைபேசி வழியே இரசிகர் தம் தீர்ப்புகளை உலகறியக் கூறும் வழக்கம் பெருகியபோது, இவ்வாதம் ஒரு தொழிலாகவே ஆயிற்று. இதில் ஆரவாரம் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆரவாரத்தின் அடியில் உள்ள பிரச்சினை ஆரவாரமானதன்று.

அதனை விளக்க 2012 ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு அமெரிக்கன் லீக்கின் 'மிகப் பெறுமதிவாய்ந்த வீரர்' விருது யாருக்கு உரியது என்பது பற்றி எழுந்த வாதம், அண்மைக்கால விளையாட்டு வரலாற்றில் மிகக் கூர்மையான மதிப்பீட்டு மோதல் எனலாம்.

ஒருபுறம் டெற்றோயிற் டைகர்ஸ் அணியின் மிகுவேல் கப்ரேரா நின்றார். அவரது துடுப்பாட்டச் சராசரி 0.330, ஹோம் ரன்கள் 44, தமது அடியினால் ஈட்டிக்கொடுத்த ஓட்டங்கள் 139. இம்மூன்றிலும் தம் லீக்கில் முதலிடம் பெறுபவர் 'மும்மகுடம்' சூடியவராகக் கொள்ளப்படுவார். 1967 இல் பொஸ்ரன் அணியின் கார்ல் யஸ்ட்றெம்ஸ்கி சூடிய பின்னர் 45 ஆண்டுகளாக எவருக்கும் கிட்டாத பேறு அது. மறுபுறம் லொஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்றவுட் நின்றார். பருவம் தொடங்கும்போது அவருக்கு வயது 20. அதுவே அவரது முதல் முழுப்பருவம். சராசரி 0.326, ஹோம் ரன் 30, ஈட்டிக்கொடுத்த ஓட்டங்கள் 83, தாம் ஓடியெடுத்த ஓட்டங்கள் 129, திருடிய தளங்கள் 49. தளம் திருடுதல் என்பது பந்து வீசப்படும் கணத்தில், அடிக்காகக் காத்திராது, அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்தல். அவ்வாறு ஓடுகையில் அவர் ஆட்டமிழந்தது ஐந்து முறை மட்டுமே.

மூன்று எண்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் வாதத்துக்கே இடமில்லை. கப்ரேராவே வென்றவர். ஆனால் அம்மூன்றும் எதனை அளக்கின்றன எனச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஈட்டிக்கொடுத்த ஓட்டம் என்பதை முதலிற் கொள்வோம். எமது நாட்டின் எல்லே விளையாட்டை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். அடிப்பவர் வரும்போது தளங்களில் முன்னமே ஆட்கள் நின்றால்தான் அவரது அடி பலரை வீடு சேர்க்கும். நடுவரிசையில் ஆடிய கப்ரேராவுக்கு முன்னால் அணியின் திறமையான துடுப்பாட்ட வீரர் தளத்தில் நின்றனர். முதல்வராக ஆடிய ட்றவுட்டுக்கு முன்னால் வந்தவர்கள் வரிசையின் இறுதியிலுள்ள வலுக்குறைந்தவர்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் முதல் வாய்ப்பிலோ தளத்தில் எவரும் இருப்பதற்கே இடமில்லை. எனவே 139 என்பதும் 83 என்பதும் இரு தனிமனிதரின் அளவுகள் அல்ல. பலருடைய உழைப்பு ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றது.

மும்மகுடமும் அத்தகையதே. அவ்வாண்டு டெக்சஸ் அணியின் ஜொஷ் ஹமில்ரனும் நியூயோர்க் அணியின் கேர்ட்டிஸ் கிறான்டர்சனும் 43 ஹோம் ரன் அடித்திருந்தனர். அவர்களுள் ஒருவர் மேலும் இருமுறை வேலிக்கு அப்பால் அடித்திருப்பாராயின், கப்ரேராவின் ஆட்டத்தில் அணுவளவும் மாற்றமில்லாமலே மகுடம் மறைந்திருக்கும். ஒருவருடைய சிறப்பு, வேறு நகரத்தில் வேறொருவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்து மாறுமாயின் அது அவருடைய சிறப்பின் அளவாகுமா?

ட்றவுட்டின் பக்கம் நின்றோர் வேறொன்றையும் சுட்டினர். யூன் மாத இறுதியில் பால்ரிமோர் மைதானத்தில் ஜே. ஜே. ஹார்டி அடித்த பந்து ஹோம் ரன்னாக வேலியைக் கடக்கும் வேளையில், ட்றவுட் ஓடிச்சென்று மதிலின்மேல் உயர்ந்து அதனைப் பிடித்தார். கண்டோர் மறக்கவியலாத அச்செயல் மும்மகுடத்தின் மூன்று நிரல்களில் எதிலும் இடம்பெறாது. எதிரணிக்குச் செல்லவிருந்த ஓட்டத்தைத் தடுத்தல், தன் அணிக்கு ஓர் ஓட்டம் எடுப்பதற்கு ஈடன்றோ? களத்தடுப்பு, தளவோட்டம், ஆடும் இடத்தின் கடினம் ஆகிய அனைத்தையும் ஓட்டங்களாக மாற்றி, ஓட்டங்களை வெற்றிகளாக மாற்றி, ஒரு வீரர் தம் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகத் தந்தார் எனக் கணிக்கும் முறையொன்று ஏலவே வழக்கிற்கு வந்திருந்தது. 'மாற்றுவீரரிலும் மேலான வெற்றிகள்' என்பது அதன் பெயரின் பொருள். அக்கணக்கின்படி ட்றவுட்டின் பெறுமதி பத்து வெற்றிகளுக்கு மேல். கப்ரேராவினது ஏழு அளவில்.

கப்ரேராவின் பக்கம் நின்றோரின் வலுவான வாதம் வேறு. டைகர்ஸ் பருவத்தின் கடைசி நாள்களில் சிக்காகோ அணியை முந்தித் தம் பிரிவில் முதலிடம் பெற்றுப் பிற்பருவச் சுற்றுக்குச் சென்றது, ஏஞ்சல்ஸ் செல்லவில்லை. அணியை வெற்றிக்கு இட்டுச் செல்லாத திறமைக்குப் பெறுமதி என்ன? மேலும் அணி புதிதாக ஒப்பந்தஞ்செய்த பிறின்ஸ் ஃபீல்டருக்கு இடமளிப்பதற்காகக் கப்ரேரா தமக்குப் பழகிப்போன முதலாம் தளத்தை விட்டுக் கடினமான மூன்றாம் தளத்துக்குச் சென்று ஆடினார். இத்தகைய விட்டுக்கொடுப்பை எந்தக் கணக்கு பதியும் என அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வியே. மறுதரப்பினர் விடையிறுத்தனர்: டைகர்ஸ் வென்றது 88 ஆட்டங்கள், ஏஞ்சல்ஸ் வென்றது 89. கடினமான பிரிவில் இருந்ததால் கூடுதலாக வென்ற அணி வீட்டுக்குச் சென்றது. ட்றவுட் ஏப்பிரல் இறுதியில் அழைக்கப்படும் முன்னர் ஏஞ்சல்ஸ் 6 வென்று 14 தோற்றிருந்தது. அதன் பின்னர் 83 வென்று 59 தோற்றது.

வாக்களித்த 28 பத்திரிகையாளருள் 22 பேர் கப்ரேராவையும் 6 பேர் ட்றவுட்டையும் முதலிடத்தில் வைத்தனர். ட்றவுட்டுக்கு ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது ஒருமனதாகக் கிடைத்தது.

இம்மோதலை அக்காலத்தில் எழுதியோர் பலர் மரபுக்கும் புதுமைக்கும் இடையிலான போராக, கண்ணுக்கும் எண்ணுக்கும் இடையிலான போராகச் சித்திரித்தனர். 1960 களில் ஈழத்துத் தமிழிலக்கிய உலகில் மரபு பற்றி எழுந்த வாதங்களை அறிந்தோர்க்கு இச்சித்திரிப்பு பழகியதாகவே இருக்கும். அது பிழையான சித்திரிப்பு என்பதே எனது கருத்து. மும்மகுடமும் எண்தான், 44, 139, 0.330 என்பவை கண்ணாற் கண்டவை அல்ல. வேலியின்மேல் பிடித்த பந்தோ முற்றிலும் கண்ணுக்குரியது. உண்மையில் மரபின் பக்கம் நின்றோர் பழைய எண்களையும் புதுமையின் பக்கம் நின்றோர் புதிய எண்களையும் ஏந்தி நின்றனர். பழைய எண்கள் நெடுங்காலம் புழங்கியமையால் எண்களாகத் தோன்றாது இயற்கையின் உண்மைகளாகத் தோன்றின என்பதே வேறுபாடு.

மரபு என்று சுட்டப்பட்டதும் ஒன்றாக இருந்ததில்லை. 1941 இல் பொஸ்ரன் றெட் சொக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் 0.406 சராசரி பெற்றார். துடுப்பெடுத்து நின்ற தடவைகளிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் அவர் தளம் சேர்ந்தார். நியூயோர்க் யாங்கீஸ் அணியின் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் அடி பெற்றார். விருது டிமாஜியோவுக்கு. 1942 இல் வில்லியம்ஸ் மும்மகுடமே சூடினார். விருது யாங்கீஸ் அணியின் ஜோ கோர்டனுக்கு. 1947 இல் வில்லியம்ஸ் மறுபடியும் மும்மகுடம் சூடினார், சராசரி 0.343, ஹோம் ரன் 32, ஈட்டிய ஓட்டங்கள் 114. டிமாஜியோவின் எண்கள் 0.315, 20, 97. விருது 202 புள்ளிகளுக்கு 201 என்ற கணக்கில், ஒரேயொரு புள்ளியால், டிமாஜியோவுக்கே சென்றது. அம்மூன்று ஆண்டுகளிலும் லீக்கை வென்ற அணி யாங்கீஸ். ஆகவே 2012 இல் 'மும்மகுடம் சூடியவருக்கு விருதை மறுப்பது மரபுக்கு மாறு' என முழங்கியோர், மரபே அதனை இருமுறை மறுத்ததை மறந்தனர். பழைய மரபினர் அணியின் வெற்றியைப் பெறுமதி என்றனர். 2012 இன் மரபினர் அணியின் வெற்றியையும் மும்மகுடத்தையும் ஒன்றாகக் கட்டி, இரண்டும் ஒரே பொருள் போலக் காட்டினர். இரண்டும் ஒருவரிடம் அமைந்தமை அவ்வாண்டின் தற்செயல்.

இவ்வெண்கள் எங்கிருந்து வந்தன? 1824 இல் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா சென்ற ஹென்றி சட்விக், கிரிக்கெற் பற்றிப் பத்திரிகைகளில் எழுதியவர். பேஸ்போலில் ஈடுபாடு கொண்டபின், கிரிக்கெற்றின் பதிவுமுறையைத் தழுவி ஆட்ட அட்டவணையை உருவாக்கினார். துடுப்பாட்டச் சராசரி நிலைபெற்றதும் அவரது முயற்சியாலேயே. பந்துவீச்சாளர் நான்கு பந்துகளை எல்லைக்கு வெளியே வீசினால் துடுப்பாட்ட வீரர் அடியாமலே முதற்தளத்துக்கு நடந்து செல்லலாம். இந்த இலவச நடை சராசரியிற் கணக்கிடப்படுவதில்லை. தகாத பந்தை அடியாது விடும் பொறுமையை இதனால் அம்முறை துடைத்தெறிந்துவிட்டது. 1887 இல் ஒரேயொரு பருவம் மட்டும் நடைகளை அடிகளாகக் கொண்டனர். சராசரிகள் வானளாவ உயரவே மறு ஆண்டு கைவிட்டனர். எது ஆண்மை, எது உழைப்பு, எது வெறும் தற்செயல் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறநோக்கு ஒன்று இவ்வாறு ஒரு தசம எண்ணினுள் உறைந்து கிடக்கின்றது.

'பிழை' என்ற நிரலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். களத்தடுப்பாளர் இயல்பான முயற்சியால் செய்திருக்கக்கூடியதைச் செய்யத் தவறினார் என அதிகாரபூர்வப் பதிவாளர் கருதினால் அது பிழை எனப் பதியப்படும். மற்றவை நடந்ததைப் பதிய, இது நடந்திருக்கவேண்டியதைப் பதிகின்றது என்பதை பில் ஜேம்ஸ் எடுத்துக்காட்டினார். பந்தை நோக்கி ஓடவே இயலாத மந்தமான வீரனுக்குப் பிழை விழுவதில்லை. பாய்ந்து தொட்டுத் தவறவிடுபவனுக்கே விழும். எண்ணின் உடையணிந்த அபிப்பிராயம் இது. எமது பரீட்சைத் தாள்களைத் திருத்துவோர்க்கு இது புரியாததன்று.

பில் ஜேம்ஸ் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் தகும். கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர். ஆங்கில இலக்கியமும் பொருளியலும் கற்றவர். 1970 களில் லோறன்ஸ் நகரில் உணவுப்பொருள் அடைக்கும் தொழிற்சாலையொன்றில் இரவுக் காவலராக வேலை செய்துகொண்டே, பத்திரிகைகளில் வந்த ஆட்ட அட்டவணைகளைக் கையாற் கூட்டிக் கழித்து, 1977 இல் தம் முதல் ஆண்டுத்தொகுப்பைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். நூறு பிரதிகளும் விற்கவில்லை. ஆனால் அவர் செய்தது முன்னெவரும் செய்யத் தயங்கியது. 'எல்லோரும் அறிவர்' எனத் தொடங்கும் ஒவ்வொரு கூற்றையும் நிறுத்தி, அதற்குச் சான்று என்ன எனக் கேட்டார். அவருக்கு முன்னரும் சிலர் கேட்டதுண்டு. புறூக்ளின் அணியை நடத்திய பிறாஞ்ச் றிக்கி, புள்ளிவிபர அறிஞர் அலன் றோத்தின் துணையுடன், சராசரியைவிடத் தளம் சேரும் வீதமே முக்கியம் என 1954 இலேயே எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை. ஜேம்ஸிடம் றிக்கிக்கு இல்லாத ஒன்று இருந்தது, அது உரைநடை. எண்களால் நிறைந்த அவருடைய பக்கங்களை வாசகர் ஒரு கட்டுரையாளனின் குரலுக்காகவே படித்தனர்.

கண்ணால் மட்டும் மதிப்பிட இயலாது என்பதற்கு ஓர் எளிய கணக்கே போதும். 500 முறை துடுப்பெடுத்த இருவருள் ஒருவரது சராசரி 0.300, மற்றவரது 0.275 எனக் கொள்வோம். முன்னவர் பெருவீரர் எனப் போற்றப்படுவார், பின்னவர் சாதாரணர். அடிகளின் எண்ணிக்கையோ 150 உம் ஏறத்தாழ 138 உம். வேறுபாடு ஆறு மாதத்தில் பன்னிரண்டு, அதாவது இரு கிழமைக்கு ஓர் அடி. ஒவ்வோர் ஆட்டத்தையும் தவறாது பார்த்த இரசிகர்கூட இதனைக் கண்டிருக்க முடியாது. 'நான் பார்த்தேன், எனக்குத் தெரியும்' என்பவர் உண்மையில் ஏட்டில் படித்ததையே கண்டதாக நினைவுகொள்கின்றார்.

ஆட்டங்களின் பந்துக்குப் பந்து விபரத்தைப் பொதுமக்கள் பெற வழியில்லாதிருந்த நிலையில், 1984 இல் ஜேம்ஸின் அழைப்பை ஏற்றுப் பல நகரங்களின் இரசிகர்கள், ஊதியமின்றி, தாமே ஒவ்வோர் ஆட்டத்தையும் பதிந்து தொகுத்தனர். 1989 இல் டெலவெயர் பல்கலைக்கழக உயிரியற் பேராசிரியர் டேவிட் சிமித், கடந்த கால ஆட்டங்களின் பதிவுகளைத் தேடித் திரட்டி எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்கதாக ஆக்கும் பணியைத் தொடக்கினார். இரசிகர் வாதத்தின் வரலாற்றில் இதுவே மிக மேன்மையான அத்தியாயம் என்பேன். தீர்ப்புக் கூறும் உரிமையைக் கோரியவர்கள், அதற்குரிய சான்றைத் திரட்டும் சுமையையும் தாமே ஏற்றனர். எம்மிடையே விமர்சனம் எழுதுவோர் இதனைச் சற்று எண்ணிப்பார்க்கலாம்.

இவ்வளவில் நின்றிருந்தால் இக்கதை அறிவின் வெற்றியாக முடிந்திருக்கும். ஆனால் 'பெறுமதி' என்ற சொல்லுக்கு வேறொரு பக்கமும் உண்டு. நெடுங்காலமாக ஒரு வீரர் தம்மை ஒப்பந்தஞ்செய்த கழகத்துக்கே ஆயுள் முழுதும் கட்டுப்பட்டவர். கழகம் அவரை விற்கலாம், அவர் விலகிச் செல்ல இயலாது. இதனை எதிர்த்து வழக்காடிய கறுப்பின வீரர் கேட் ஃபிளட் 1972 இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 1975 இறுதியில் ஒரு நடுத்தீர்ப்பு அந்த விலங்கைத் தகர்த்தது. வீரர் சந்தைக்கு வந்தனர்; வந்ததும் அவர்தம் விலை என்ன என்ற வினா எழுந்தது. ஜேம்ஸ் தாமும் ஊதிய நடுத்தீர்ப்பு வழக்குகளில் வீரர் தரப்புக்குக் கணக்குகள் தயாரிக்க உதவியவர். எனினும் கணக்கு என்பது எவர் கையிலும் இயங்கும் கருவி. 2002 இல் வசதி குறைந்த ஓக்லன்ட் அணி, சந்தை குறைத்து மதிப்பிட்ட வீரரைத் தேடி வாங்கி 103 ஆட்டங்களில் வென்றமையை மைக்கல் லூயிஸ் 2003 இல் நூலாக எழுதினார். அந்நூலின் கதாநாயகன் துடுப்பாட்ட வீரனல்லன், பந்துவீச்சாளனுமல்லன்; மலிவாக வாங்கத் தெரிந்த முகாமையாளன்.

அதன் பின்னர் இரசிகரின் பேச்சு மாறியது. முன்னர் 'அவன் எவ்வளவு அழகாக அடித்தான்' என்றவர், 'அவன் பெறும் சம்பளத்துக்கு இத்தனை வெற்றி போதுமா' எனக் கேட்கத் தொடங்கினார். 2015 இல் சிக்காகோ கப்ஸ் அணி, ஆயத்தமாய் இருந்த கிறிஸ் பிறையன்ட் என்ற இளம்வீரரைப் பருவத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரு கிழமைகள் கீழ்நிலை அணியில் நிறுத்திவைத்தது. அச்சில நாள்களால் அவர் சுதந்திரமாகச் சந்தைக்கு வரும் காலம் ஓர் ஆண்டு பிந்தியது. சிறந்த வீரனைக் களத்திற் காணும் வாய்ப்பை இழந்த இரசிகருள் பலர், இது கழகத்துக்குப் புத்திசாலித்தனம் என வாதிட்டனர். காசு கொடுத்து ஆட்டம் பார்க்க வருபவர், முதலாளியின் கண்ணாடியை அணிந்துகொண்டு பார்க்கின்றார்.

இம்மாற்றம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதன்று. புதிய அளவுகோலின் உள்ளேயே அதன் வித்து உண்டு. 'மாற்றுவீரரிலும் மேலான' என்பதில் மாற்றுவீரர் யார்? குறைந்தபட்ச ஊதியத்துக்கு எந்நேரமும் எளிதிற் பெறத்தக்க வீரர். அதாவது அளவுகோலின் பூச்சியம், வேலைக்குக் காத்துநிற்கும் சேமப்பட்டாளத்தின் மட்டத்தில் நடப்பட்டுள்ளது. வேலைகொள்வோன் நின்று பார்க்குமிடத்திலிருந்தே அளவு தொடங்குகின்றது. கணக்கு பிழை என நான் கூறவில்லை. வேறெந்த முறையிலும் நன்றாக அது ஆட்டத்தின் கூறுகளை ஒன்றுசேர்க்கின்றது. எந்த வினாவுக்கு அது விடை என்பதை அறிந்து பயன்படுத்துதல் வேண்டும் என்பதே வற்புறுத்தத்தக்கது.

இலக்கியத்தில் விமர்சனம் படைப்பை எவ்வளவு மாற்றும் என்பது விவாதத்துக்குரியது. பேஸ்போலில் ஐயத்துக்கே இடமில்லை. புதிய கணக்கை கழகங்கள் அனைத்தும் கைக்கொண்டதும் ஆட்டமே உருமாறிற்று. ஹோம் ரன்னும் இலவச நடையும் இலாபம். மூன்று பந்துகளைத் தவறவிட்டு ஆட்டமிழத்தல் பெருநட்டமன்று. தளம் திருடுதல் ஆபத்து. 2018 பருவத்தில், வரலாற்றில் முதன்முறையாக, அவ்வாறு தவறவிட்டு ஆட்டமிழந்த தடவைகள் அடிகளின் எண்ணிக்கையை விஞ்சின. ஓட்டமும் பாய்ச்சலும் குறைந்து, பந்துவீச்சாளரும் துடுப்பாட்ட வீரரும் எதிரெதிரே நிற்க ஏனையோர் பார்த்திருக்கும் ஆட்டமாக அது இறுகியது. ஒவ்வொரு கழகமும் தனக்குச் சரியானதைச் செய்தது. அனைத்தும் சேர்ந்து ஆட்டத்தை வறிதாக்கின. 2023 இல் கூட்டிணைவே தலையிட்டு, பந்து வீசுவதற்குக் கால எல்லை விதித்தது, களத்தடுப்பாளரை ஒரே பக்கம் குவிப்பதைத் தடுத்தது, தளங்களைப் பெரிதாக்கியது. திருட்டோட்டம் மீண்டும் பெருகியது. வெற்றியை மட்டும் அளக்கும் கோலால் அளக்கவியலாத ஒன்று ஆட்டத்தில் உண்டு என்பதை, வியாபார நட்டத்துக்கு அஞ்சியாயினும், அதன் உடைமையாளர்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இந்த நோக்கில் 2012 க்கு மீண்டு வருவோம். வாக்குச் சீட்டோடு வழங்கப்படும் அறிவுறுத்தல், பெறுமதி என்பதற்கு வரையறை எதுவும் தருவதில்லை. அதனை வாக்களிப்போரின் முடிவுக்கே விடுகின்றது. வெற்றிபெற்ற அணியின் வீரராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இல்லை. இதனைக் குறையாகக் கொண்டு திருத்தக் கோரியோர் பலர். வரையறை இருந்திருப்பின் வாதம் ஒரு கூட்டற்கணக்காகச் சுருங்கியிருக்கும் என்பதே எனது எண்ணம். ஆயினும் வரையறை இன்மையை 'அவரவர் கருத்து அவரவர்க்கு' என்ற சோம்பலுக்கு அனுமதியாகக் கொள்ளலாகாது. தாம் எந்தப் பொருளில் பெறுமதி என்ற சொல்லைக் கொள்கின்றார் என்பதை வாக்காளர் வெளிப்படையாகக் கூறி, அப்பொருளுக்குப் பொருந்தும் சான்றைத் தருதல் வேண்டும். அணியின் வெற்றியே பெறுமதி என்பவர், 89 ஐவிட 88 எவ்வாறு பெரிதென விளக்கக் கடமைப்பட்டவர். அவ்விளக்கத்தை 22 பேருள் பெரும்பாலோரிடம் நான் காணவில்லை. அவ்வாண்டு மேலான ஆட்டக்காரர் ட்றவுட் என்பதே எனது தீர்ப்பு. அதற்குப் பத்தும் ஏழும் என்ற எண்கள் மட்டுமே காரணமல்ல. ஆட்டத்தின் எல்லாக் கூறுகளும் – அடித்தல், ஓடுதல், தடுத்தல், காத்திருத்தல் – ஓருடலில் நிறைந்திருந்தமையே முதன்மையான காரணம். கணக்கு அதனை உறுதிப்படுத்துகின்றது, கண்டுபிடித்துத் தரவில்லை.

கப்ரேரா 2013 இலும் அவ்விருதைப் பெற்றார். ட்றவுட் பின்னர் 2014, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் பெற்றார். அவற்றுள் 2016, 2019 ஆகிய இரு பருவங்களிலும் அவரது அணி பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களிற் தோற்றிருந்தது. வாக்களிப்போர் சொல்லின் பொருளை ஏழே ஆண்டுகளில் மாற்றிக்கொண்டனர். 2014 இல் மட்டுமே ஏஞ்சல்ஸ் பிற்பருவச் சுற்றை எட்டியது. அங்கு கன்சாஸ் சிற்றி அணியிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. 2025 பருவம் முடியும் வரை ட்றவுட் ஆடிய பிற்பருவ ஆட்டங்கள் அம்மூன்றே; பன்னிரண்டு முறை துடுப்பெடுத்து ஒரே ஓர் அடி பெற்றார். அது ஹோம் ரன்.